எர்த் கம்பியில் திரும்பும் மின்சாரம்

"ஈ.எல்.சி.பி. மாட்டுனதுல இருந்து அயர்ன் பாக்ஸ் போட்டாலே விழுந்துருதுங்க. கழட்டிப் போட்டதும் சரியாயிருச்சு." கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்ட வீடுகளில், இப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஈ.எல்.சி.பி. என்பது மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி. அது பழுதில்லை. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் கம்பியை அந்த வீட்டில் நியூட்ரலாக வைத்து ஓட்டியிருக்கலாம். அதைத்தான் கருவி காட்டிக் கொடுத்திருக்கிறது.

பேஸில் வரும் மின்சாரம் நியூட்ரலில் திரும்ப வேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கம் சாளைகள் ஊரைவிட்டுத் தள்ளித் தனித்தனியாக இருக்கும், லைன் நீளம். நியூட்ரல் வீக்காகும்போதோ, மரச்சட்டத்தில் ஓட்டிய பழைய ஒயர் எங்கோ அறுந்துபோகும்போதோ, நியூட்ரலைப் பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) புதைத்த எர்த் குழாயின் கம்பியோடு சேர்த்துவிடுவார்கள். பல்பு பளிச்சென்று எரியும். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வராது.

ஆபத்து மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. 1000 வாட் அயர்ன் பாக்ஸின் மின்தடை சுமார் 53 ஓம். மழைக்காலத்தில் எர்த் குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 37 வோல்ட் எர்த் கம்பியில் நிற்கும். சித்திரை வெயிலில் குழி காய்ந்து தடை 100 ஓம் ஆனால், அதே கம்பியில் 150 வோல்ட்! ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று அந்த எர்த்தில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு இரும்பு உடம்பிலும் அந்த 150 வோல்ட் இருக்கும். அயர்ன் பாக்ஸ் ஆசாரத்தில் (கூடத்தில்) ஓட, ஷாக் சமையலறையில் அடிக்கும். கொங்கு நாடு மழை மறைவுப் பகுதி; குழி காய்வது இங்கே வருஷா வருஷம் நடப்பது.

ஈ.எல்.சி.பி. என்று நாம் சொல்லும் இன்றைய ஆர்.சி.சி.பி.க்குள் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. பேஸ், நியூட்ரல் இரண்டும் அதன் வழியே போகும். போனதும் வந்ததும் சமமென்றால் வளையத்தில் காந்தப்புலம் மிஞ்சாது. மின்சாரம் எர்த்தில் திரும்பினால் கணக்கு இடிக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். அயர்ன் பாக்ஸ் இழுப்பதோ ஆம்பியர் கணக்கில். விழாமல் என்ன செய்யும்?

வேறு தடயங்களும் உண்டு. ஒரு சாமான் ஓடும்போது மட்டும் இன்னொன்றின் உடம்பில் டெஸ்டர் எரிந்தால் சந்தேகப்படுங்கள். எலக்ட்ரீஷியனிடம் கம்பியைச் சுற்றி மாட்டி மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் எர்த் கம்பியில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆம்பியர் கணக்கில் எதுவும் ஓடவே கூடாது. ஆனால் அந்தக் கம்பியைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று யாரும் கை வைக்க வேண்டாம். சாமான் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரித்தால், வீட்டுப் பக்க முனையில் 230 வோல்ட்டும் வந்து நிற்கும். மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து நியூட்ரலுக்குத் தனிக் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். லைனிலேயே நியூட்ரல் வீக் என்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். அப்புறம் ஈ.எல்.சி.பி.யைத் திரும்ப மாட்டுங்கள்.