முழுசாகக் கேட்டால்தான் முழுசாக வரும்

பிரிட்டனில் கிரெடிட் கார்டுக்கோ மார்ட்கேஜ் என்ற வீட்டுக் கடனுக்கோ விண்ணப்பித்தால், கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது வங்கி. ஆனால் அந்த முடிவுக்கு வேண்டிய தகவலில் பெரும்பகுதி எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்து போகிறது. நாம் அவர்களிடம் ஒரு கணக்கும் தொடங்கியிருக்க மாட்டோம். இருந்தாலும் நம் பெயரில் அங்கே ஒரு கோப்பு இருக்கும். அதைப் பார்க்க இப்போது காசு வேண்டாம். முன்பு 2 பவுண்டு வாங்கினார்கள். 2018 மே 25 முதல் அது போயிற்று.

வங்கிகளும் மொபைல் கம்பெனிகளும் மாதாமாதம் நம் கணக்கு நிலவரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நம் கோப்பைக் கேட்டால் வரும் ரிப்போர்ட்களில் பலவற்றில் அது எண்களாக வரிசையாக நிற்கும். 0 என்றால் ஒழுங்காகக் கட்டியாயிற்று. 1 என்றால் ஒரு மாதப் பாக்கி, 2 என்றால் இரண்டு மாதம். 8 வந்தால் டிஃபால்ட், அதாவது கடனைக் கட்டத் தவறியவர் என்ற பதிவு. '0 0 0 1 2 0' என்ற வரியைப் பார்த்ததுமே, ஆள் நடுவில் தடுமாறி அப்புறம் பாக்கியைத் தீர்த்துவிட்டார் என்று தெரிந்துவிடும். டிஃபால்ட் ஆன கணக்கு ஆறு ஆண்டுகள் கோப்பில் கிடக்கும், பிறகு கடனை முழுதாக அடைத்தாலும்கூட. வாக்காளர் பட்டியல் விவரம், நீதிமன்றக் கடன் தீர்ப்புகள், ஜாயின்ட் அக்கவுன்ட் வைத்திருந்தால் அந்த இன்னொருவரின் பெயர் எல்லாமும் இதில் சேரும்.

தப்பு நுழைவது பெரும்பாலும் பொருத்திப் பார்க்கும் இடத்தில்தான். ஆளுக்கொரு கடன் எண் என்று அங்கே எதுவும் கிடையாது. பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் வைத்துத்தான் 'இவர்தான் அவர்' என்று முடிவு செய்கிறார்கள். ஒரு வங்கியில் அப்பா பெயர் பின்னாலும் இன்னொன்றில் இனிஷியலாக முன்னாலும் இருக்கிற நம்மவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் பார்ப்பது நல்லது.

சரி, எப்படிக் கேட்பது? மூன்று பேரின் வலைத்தளத்திலும் இலவச ரிப்போர்ட்டுக்கு வழி உண்டு, மாதச் சந்தா விளம்பரத்தைத் தாண்டித் தேட வேண்டும், அவ்வளவுதான். நம் கோப்பை நாமே பார்ப்பதால், நம்மை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று காட்டும் மதிப்பெண்ணான ஸ்கோர் குறையாது. ஆனால் அந்த ரிப்போர்ட்டே எல்லாம் என்று நினைத்துவிடக் கூடாது. 2018-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடன் தகவல் நிறுவனத்திடம் 'என் தகவலைக் கொடு' என்று மட்டும் கேட்டால், பண நிலை பற்றிய தகவலைத்தான் கேட்கிறோம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். வேறு எண்ணம் இருந்தால் நாம்தான் சொல்ல வேண்டும்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. இந்த நிறுவனங்கள் விளம்பரத்துக்காகவும் மக்களின் தகவலைப் பயன்படுத்தின, அது மக்களுக்கே தெரியவில்லை என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் 2020 அக்டோபரில் சொன்னார். எக்ஸ்பீரியன் மேல்முறையீட்டுக்குப் போனது. 2023-இல் தீர்ப்பாயம் பெரும்பாலும் அதன் பக்கமே நின்றது. எப்படியானாலும், நம் தகவல் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அறிய ஆசைப்பட்டால், கடிதத்தில் இப்படி ஒரு வரி போதும்: 'பண நிலை மட்டுமல்ல, விளம்பரத் தேவைக்காக வைத்திருப்பது உட்பட என்னைப் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும், அதை எங்கிருந்து பெற்றீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதும் வேண்டும்.' தனிப் படிவம் தேவையில்லை, மின்னஞ்சலே போதும். ஆள் நீங்கள்தானா என்று உறுதி செய்ய, கடந்த ஆறு ஆண்டு முகவரிகளைக் கேட்பார்கள். பதிலுக்குக் கெடு ஒரு மாதம். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம்.

தப்பு கண்ணில் பட்டால் எழுதித் திருத்தச் சொல்லலாம். 28 நாளுக்குள் பதில் வர வேண்டும். நிறுவனம் தானாக மாற்றுவது அபூர்வம்; தகவல் தந்த வங்கியிடம்தான் கேட்கும். வங்கி மறுத்து, பதிவு அப்படியே நின்றால், 200 சொல்லுக்கு மிகாமல் உங்கள் விளக்கத்தைக் கோப்பில் சேர்க்கச் சொல்லும் உரிமையை 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் தருகிறது. சேர்த்த பிறகு உங்கள் விண்ணப்பத்தைக் கணினி மட்டும் பார்த்து முடிக்காமல், ஓர் ஆள் எடுத்துப் படிக்க வேண்டி வரலாம். அதனால் பதில் தாமதமாகலாம். அவசரமாகக் கடன் தேவைப்படுகிற நேரத்தில் அதையும் யோசித்துக்கொண்டு எழுதுங்கள்.