ஆச்சி, இது எந்த செட்டில்மென்ட்?

காரைக்குடிப் பக்கம் இந்த ஒரு சொல் படும் பாடு கொஞ்சமல்ல. மகன் சிங்கப்பூரில் செட்டில் ஆகிவிட்டான் என்றால் குடியேறிவிட்டான். கொத்தனார் கணக்கை செட்டில் பண்ணியாச்சு என்றால் பாக்கி தீர்ந்தது. முகப்புச் சுவர் வெடிப்பைப் பார்த்து இன்ஜினியர் செட்டில்மென்ட் என்றால் அஸ்திவாரம் இறங்குகிறது. இவற்றில் தவறாகப் புரிந்துகொண்டால் பெரிதாக ஒன்றும் போய்விடாது. பத்திர எழுத்தரின் மேசையில் அப்படியில்லை.

"ஆச்சி, ஒரு செட்டில்மென்ட் எழுதி வச்சிருவோம், பின்னால பிள்ளைகளுக்குள்ள பேச்சு வராது" என்கிறார்கள். ஆச்சி அதை உயில் என்றே நினைத்துக்கொள்கிறார். உயில் அவர் காலத்துக்குப் பிறகுதான் பேசும். நடுவில் எத்தனை முறையும் மாற்றலாம். தான செட்டில்மென்ட் பதிவாகி, பெறுபவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடும். மனம் மாறினாலும் எழுதிக்கொடுத்தவர் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது.

ஆகவே பத்திரத்தில் தேட வேண்டியது இரண்டு வார்த்தை: "இன்று முதல்". "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது" என்று இருந்தால், எழுதிக்கொடுத்தவருக்கு அந்த வீட்டில் ஒரு அறைகூடச் சொந்தமில்லை. உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் வேண்டுமென்றால் ஆயுட்கால அனுபவ உரிமையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். பராமரிப்பு நிபந்தனையையும் வாயால் பேசி விடாமல் பத்திரத்திலேயே ஏற்றுங்கள். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால் முதலில் தேடப்படுவது அந்த வரிதான்.

செட்டில்மென்ட் இவ்வளவு எழுதப்படுவதற்குச் செலவும் ஒரு காரணம். கிரயத்துக்கு முத்திரை 7%, பதிவு 2%. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் இரண்டும் தலா 1% தான். 2023 ஜூலை முதல் உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய். மிச்சமாகும் பணத்தைப் பார்த்து உரிமையைக் கோட்டை விடக்கூடாது.

பங்காளிகள் பலர் சேர்ந்த வளவு வீட்டில் இன்னொரு சிக்கல். பிரிபடாத கூட்டுக் குடும்பச் சொத்தில் மற்றப் பங்காளிகள் சம்மதமில்லாமல் தன் பாகத்தைத் தானம் கொடுத்தால் செல்லாது. உயில் எழுதலாம், இல்லையென்றால் முதலில் பாகப்பிரிவினை. வளவில் தங்களுக்கென்று ஒதுக்கிய அறையை "எங்க இரட்டை வீடு" என்று வழக்கத்தில் சொல்வதை நம்பி அந்த அறையைச் சொத்து விவரத்தில் எழுதினால், அதுவே பின்னால் வழக்காக வந்து நிற்கும்.

வங்கிக் கடனிலும் இந்தச் சொல்லில் கவனம் வேண்டும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய கடன், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். முழுதாகக் கட்டியது 'குளோஸ்டு'. முதலாவதைப் பார்த்தாலே அடுத்த வங்கி தயங்கும். முழுத்தொகையும் கட்டியிருந்தால் பாக்கியில்லை என்ற சான்றை அன்றைக்கே வாங்கி வையுங்கள். அறிக்கையில் தவறாக 'செட்டில்டு' என்றிருந்தால் அந்தச் சான்றை இணைத்துத் திருத்தம் கேட்கலாம்.