பழைய வரைபடத்தில் ஒரு வட்டம்

இங்கிலாந்தில் அரசின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே 19ஆம் நூற்றாண்டில் வரைந்த வரைபடங்களில், ஊர் ஓரமாக, ரயில் பாதைக்கோ கால்வாய்க்கோ பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்தை அடிக்கடி பார்க்கலாம். நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த வாயுவைத் தேக்கி வைத்த தொட்டி அது. இன்று அதே இடம் வெறும் கார் நிறுத்துமிடமாக இருக்கும், மேலே தார் போட்டிருப்பார்கள், கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அங்கே வீடு கட்டலாமா என்று யோசிக்கிற கவுன்சிலுக்கு அந்த வட்டம் ரொம்ப முக்கியம்.

ஏற்கெனவே கட்டடம் கண்ட நிலத்தை அங்கே பிரவுன்ஃபீல்டு என்கிறார்கள். பாழடைந்து கிடக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை, இன்றும் வியாபாரம் நடக்கிற கடையின் மனைகூட இதில் வரும். ஆனால் மாட்டுக்கொட்டகை எவ்வளவு பெரிதாக, சிமெண்டால் கட்டியிருந்தாலும் வராது, ஏனென்றால் விவசாயக் கட்டடங்களுக்கு விதிவிலக்கு உண்டு. பூங்கா, விளையாட்டுத் திடல் போன்றவையும் வராது. ஊருக்குள் இருக்கும் வீட்டுத் தோட்டங்கள் 2010 வரை இந்தக் கணக்கில் இருந்தன, அதனால் ஒரு வீட்டை இடித்து அதன் தோட்டத்தையும் சேர்த்து நாலைந்து வீடு எழுப்புவது சுலபமாக இருந்தது. மக்கள் எதிர்த்த பிறகுதான் தோட்டங்களை வெளியே எடுத்தார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

2017இல் வந்த விதிகளின்படி, இங்கிலாந்தின் ஒவ்வொரு உள்ளூர்த் திட்ட அமைப்பும் (பெரும்பாலும் கவுன்சில்தான்) இப்படிப்பட்ட நிலங்களுக்கு ஒரு பதிவேடு வைத்தாக வேண்டும், வருடத்துக்கு ஒருமுறையாவது சரிபார்க்கவும் வேண்டும். நிலம் குறைந்தது 0.25 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் சுமார் 62 சென்ட் இருக்க வேண்டும், அல்லது 5 வீடுகளாவது அதில் கட்ட முடிய வேண்டும். இடங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் காகிதத்திலிருந்துதான்: அனுமதி வாங்கியும் கட்டாமல் விட்ட மனைகள், கவுன்சிலுக்கே சொந்தமான பழைய கிடங்குகள், வான்வழிப் படங்களில் காலியாகத் தெரியும் இடங்கள். அதோடு, "உங்களிடம் நிலம் இருந்தால் சொல்லுங்கள்" என்று உரிமையாளர்களிடமே கேட்பதும் உண்டு.

அப்புறம் வடிகட்டுதல். இடம் வீட்டுக்குப் பொருத்தமா, உரிமையாளர் விற்கவோ கட்டவோ தயாரா, 5 வருடத்துக்குள் அங்கே உண்மையிலேயே கட்டுவார்களா? முதல் கேள்விக்குள்ளேயே இயற்கை, பழமையான கட்டடங்கள், அங்கே குடிவரப் போகிறவர்களின் வசதி எல்லாம் அடங்கும்.

மண் விஷயத்துக்கு வருவோம். அந்த வட்டங்கள் காட்டும் வாயு ஆலைகள் மண்ணில் விட்டுச்சென்றவை நிலக்கரித் தார், பென்சீன், வாயுவைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய இரும்பு ஆக்சைடில் சேர்ந்து நீல நிறமாகிப்போன சயனைடு சேர்மங்கள். ஆனால் மண்ணில் நஞ்சு இருந்தாலே ஆபத்து என்று ஆகிவிடாது. நஞ்சு, அது பயணிக்கும் வழி, அது போய்ச் சேரும் ஆள் என்ற மூன்றும் ஒரே கோட்டில் சேர்ந்தால்தான் ஆபத்து. ஒன்றைத் துண்டித்தால் போதும். தோட்டத்தில் குழந்தை மண்ணைத் தொட்டு விரலை வாயில் வைக்கும், அங்கே விளைந்த கீரையைச் சாப்பிடுவார்கள், ஆவி தரை வழியாக வீட்டுக்குள் ஏறும், சில எண்ணெய்ப் பொருட்கள் பிளாஸ்டிக் குடிநீர்க் குழாயைக்கூட ஊடுருவும். ஆகவே தோட்டத்தோடு கூடிய வீட்டுக்கு ஒத்துவராத மண்ணில், தோட்டமில்லாத அடுக்குமாடி கட்டலாம் என்று முடிவாவது உண்டு. மோசமான மண்ணைத் தோண்டி எடுப்பார்கள், இல்லையென்றால் மேலே சுத்தமான மண் பரப்பி, தரைக்கடியில் ஆவி புகாத விரிப்புப் போடுவார்கள். லண்டனில் கிரீனிச் தீபகற்பத்தின் பழைய வாயு ஆலை நிலத்தைச் சுத்தம் செய்துதான் புதுக் குடியிருப்புகளைக் கட்டினார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு இதுதான் மனதுக்கு நெருக்கம். எசெக்ஸில் கான்வீ விக் என்று ஓர் இடம். 1970களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காகத் தயார்செய்து, ஆலை ஓடாமலே கைவிட்ட நிலம். மணலும் உடைந்த தார்ப் பரப்பும் காட்டுப்பூக்களுமாகக் கிடந்த அந்த இடத்தில் அரிய வண்டினங்களும், பிரிட்டனில் அருகிவரும் ஷ்ரில் கார்டர் தேனீயும் குடியேறிவிட்டன. 2005இல் அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார்கள். வரைபடத்தை மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல பிரவுன்ஃபீல்டு கிடைக்காது என்று தோன்றும். நேரில் போய்க் குனிந்து பார்த்தால்தான் உயிர் தெரியும்.

பணம், 5 வருடத்துக்குள் கட்டுவார்களா என்ற மூன்றாவது கேள்வியில் வந்து நிற்கிறது. லண்டனில் விற்பனை விலை அதிகம் என்பதால் மண்ணைச் சுத்தம் செய்யும் செலவை அதுவே தாங்கிக்கொள்ளும். வீட்டு விலை குறைவாக இருக்கும் பழைய தொழில் நகரங்களில் அதே அளவு நஞ்சை எடுக்கும் செலவு, விற்றுக் கிடைக்கும் லாபத்தை விழுங்கிவிடும். அரசு மானியம் வராவிட்டால், யாரும் தடுக்காமலேயே அந்த இடம் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். ஒரு வரிக்கு ஒரு நிலம், பரப்பளவு, எத்தனை வீடு, எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்று இருக்கும். நான் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.