கவை விழுந்தால்தான் பூக்கும் மரம்

நர்சரியில் ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட் வாங்கி வந்து வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். செடி ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது, இலைகள் அகலமாக, பச்சைப்பசேல் என்று இருக்கின்றன, ஆனால் ஒரு மொட்டைக்கூடக் காணோமே, ஏன்? உரம் போதவில்லை, வெயில் போதவில்லை, மண் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல நேரம் இவை எதுவுமே காரணமாக இருக்காது. அந்தச் செடிக்கு இன்னும் கவை விழுந்திருக்காது, அதாவது தண்டு இரண்டாகப் பிரிந்திருக்காது, அவ்வளவுதான்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ஓடையோரத்திலும் சாலைச் சரிவிலும் ஒரு சாணுக்கு மேல் நீளமான வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். தாவரவியலில் இதன் பெயர் ப்ரூக்மான்சியா. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் இருக்கும் அதே கத்தரிக் குடும்பம். நம் ஊர் ஊமத்தை இதற்கு மிக நெருங்கிய சொந்தம். அதனாலேயே 1753இல் ஸ்வீடன் தாவரவியலர் லின்னேயஸ் இதையும் ஊமத்தைப் பேரினத்தில் சேர்த்துவிட்டார். 1805இல் பெர்சூன் என்ற தாவரவியலர் தனிப் பேரினமாகப் பிரித்து, செபால்ட் ப்ரூக்மான்ஸ் என்ற டச்சு அறிஞரின் பெயரை வைத்தார். அப்புறமும் வாதம் ஓயவில்லை. தாவரவியலர் டாமி லாக்வுட் 1973இல் விரிவாக எழுதிய பிறகுதான் இரண்டும் வேறு வேறு என்பது நிலைபெற்றது. ஊமத்தை குறைந்த ஆயுள் கொண்ட செடி. பூ நிமிர்ந்திருக்கும், காயில் முள் இருக்கும். ப்ரூக்மான்சியா கட்டை வைத்துப் பல ஆண்டு வாழும். பூ தொங்கும், காயில் முள் கிடையாது.

சரி, கவைக்கு வருவோம். விதையிலிருந்து முளைத்த செடி முதலில் ஒற்றைத் தண்டாக நேரே மேலே போகும். இது அதன் இளமைப் பருவம். எவ்வளவு உரம் கொட்டினாலும் இப்போது பூக்காது. சாதாரணமாக ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்த பிறகு, நுனிக் கொழுந்து இலை விடுவதை நிறுத்திவிட்டுத் தானே ஒரு பூமொட்டாக மாறிவிடுகிறது. நுனி மொட்டாகிவிட்டால் அந்தத் தண்டு மேலே வளர வழி இல்லை. உடனே மொட்டுக்குக் கீழே இலைக்கக்கங்களில் உறங்கிக்கொண்டிருந்த இரண்டு தளிர்கள் விழித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகக் கிளம்புகின்றன. தண்டு கவட்டைக் கம்பு போல இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டு கிளைகளும் சில இலைகளை விட்டதும் தத்தம் நுனியை மொட்டாக்கி முடித்துக்கொள்ளும். அவற்றின் பக்கத்திலிருந்து அடுத்த தளிர்கள் தொடரும். இப்படியே போகும். இந்தச் செடிக்குப் பூப்பதும் கிளைப்பதும் ஒரே வேலை. இதை மனதில் வாங்கிக்கொண்டால் வளர்ப்பு முறையில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

நம்பிக்கை வராவிட்டால் தெருவோர ஊமத்தையைப் பாருங்கள். ஒவ்வொரு கவையின் நடுவிலும் ஒரு பூவோ முள்காயோ உட்கார்ந்திருக்கும். மிளகாய்ச் செடியிலும் முதல் பூ முதல் கவையில்தான் வரும். குடும்பக் குணம்.

ப்ரூக்மான்சியா பூக்கும் பருவத்துக்கு வந்துவிட்டதா என்பதை இலையே காட்டிக்கொடுக்கும். கவைக்குக் கீழே உள்ள இலையின் அடிப்பாகத்தைக் கவனித்தால், நடுநரம்பின் இருபுறமும் உள்ள இலைப்பரப்பு காம்பில் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து முடிந்திருக்கும். கவைக்கு மேலே உள்ள இலையில் அப்படி இருக்காது. ஒரு பக்கம் மேலேயே நின்றுவிட, மறுபக்கம் காம்பில் கொஞ்சம் கீழே இறங்கி முடியும். ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால், வெட்டி வைத்த குச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இலையை வைத்தே அது செடியின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

போத்து, அதாவது நட்டு வளர்க்க வெட்டிய குச்சி, வாங்கும்போது இது பெரிய உதவி. கவைக்கு மேலிருந்து வெட்டிய போத்து, வேர் பிடித்ததும் தான் பூக்கும் வயதில் இருப்பதை மறக்காமல் தொடர்கிறது. குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். மாடித்தோட்டத் தொட்டிக்கு இதுதான் ஏற்றது. கவைக்குக் கீழிருந்து வெட்டியது மறுபடி ஒற்றைத் தண்டாக வளர்ந்து, கவை விழுந்து, அப்புறம்தான் பூக்கும். ஆனால் அது வேகமாகவும் நிமிர்ந்தும் வளரும். குடை போல் விரிந்து, கீழே ஆள் நிற்குமளவுக்கு மரம் வேண்டும் என்பவர்கள் அடிப்போத்தையே கேட்டு வாங்கலாம்.

கவாத்தும் இதே கணக்குதான். கவைக்கு மேலே இரண்டு மூன்று கணுக்களை விட்டுவிட்டு வெட்டினால், வரும் தளிர்கள் பூக்கும் தளிர்களாக இருக்கும். கவையோடு சேர்த்துக் கீழே வெட்டிவிட்டால் செடியை மறுபடி குழந்தைப் பருவத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று அர்த்தம். தோட்டக்காரர் 'நன்றாகக் கழித்துவிட்டேன்' என்று சொன்ன பிறகு மாதக்கணக்கில் பூ இல்லாமல் போவது இதனால்தான்.

போத்து வைப்பதில் சிரமம் கிடையாது. பென்சிலைவிடச் சற்றுத் தடிமனான, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய குச்சி நல்லது. நுனியில் ஒன்றிரண்டு சிறு இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். வேர் இல்லாத குச்சியால் பெரிய இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. ஒரு கண்ணாடிப் புட்டியில் நான்கு விரற்கடை தண்ணீர் ஊற்றி நிழலில் வைத்தால், முதலில் பட்டையின் மேல் வெள்ளைப் புள்ளிகள் புடைத்துக்கொண்டு வரும். பட்டை மூச்சுவிடும் துளைகள் அவை. சில நாட்களில் அந்தப் புடைப்புகளின் பக்கமாகவே வெள்ளை வேர்கள் எட்டிப்பார்க்கும். தண்ணீரை அடிக்கடி மாற்றுவது முக்கியம். தேங்கிய நீரில் பிராணவாயு குறைந்தால் குச்சியின் அடி கறுத்து அழுகிவிடும். வேர் விரல் நீளத்துக்கு வருவதற்குள் மண்ணுக்கு மாற்றிவிடலாம்.

இது தாகமும் பசியும் மிகுந்த செடி. அந்த அகலமான இலைகளில் லட்சக்கணக்கான துளைகள் வழியாக நாள் முழுக்க நீர் ஆவியாகிறது. உச்சி வெயிலில் வேர் உறிஞ்சித் தரும் வேகத்தை இலை இழக்கும் வேகம் மிஞ்சிவிடும், இலைகள் துவண்டு தொங்கும். அதைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானாக நிமிர்ந்துகொள்ளும். விடியற்காலையிலும் துவண்டே கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்: மண் காய்ந்திருந்தால் தாகம், மண் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகல். பெரிய தொட்டி, வடிகால் துளை, செம்மண்ணோடு தேங்காய் நார்க்கழிவும் தொழுவுரமும் கலந்த கலவை, காலை வெயில், பிற்பகல் நிழல். சமவெளியில் இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தும்.

பசியையும் இலையில் படிக்கலாம். கீழ் இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலைகளிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்துக் கொழுந்துக்கு அனுப்புகிறது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. இரும்பைப் பழைய இலையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோகும் வித்தை செடிக்கு அவ்வளவாக வராது. புளித்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலைத் தண்ணீர் கலந்து சீராகக் கொடுத்து வந்தாலே பெரும்பாலான குறை தீரும்.

எந்த இனத்தை எங்கே வளர்ப்பது என்பதில்தான் பலருக்குக் காசு வீணாகிறது. ப்ரூக்மான்சியாவில் ஏழு இனங்கள் உண்டு, எல்லாம் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. சாங்குவினியா என்னும் சிவப்புப் பூ இனம் ஆண்டிஸ் மலையில் 2000 மீட்டருக்கு மேல், குளிர்ந்த இரவுகளில் வாழப் பழகியது. 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அதை நம்பி வைக்கலாம். மதுரையில் வைத்தால் ஏமாற்றம்தான். வெள்ளைப் பூ சுவாவியோலன்ஸ் தென்கிழக்கு பிரேசிலின் தாழ்நிலக் காட்டு ஆற்றோரங்களுக்கும், வெள்ளையாகத் திறந்து பீச் பழ நிறத்துக்கு மாறும் வெர்சிகலர் ஈக்வடாரின் குவயாகில் சுற்றுவட்டாரத்துக்கும் உரியவை. சமவெளியில் முயல வேண்டியது இந்த இரண்டையும் இவற்றின் கலப்புகளையும்தான்.

பூச்சிகளில் செம்பேன்தான் முதல் எதிரி. வறண்ட காற்றில் இலையின் அடியில் பெருகி, மேலே மணல் தூவியது போல் வெளிர் புள்ளிகளை உண்டாக்கும். தினமும் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சினாலே வெகுவாகக் குறையும். வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் வரும் வைரஸ்கள் சில இதற்கும் வரும், கத்தரிக்கோல் வழியாகவும் பரவும். போத்து மூலமே பெருகும் செடி என்பதால் தாயிடம் உள்ள வைரஸ் எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்விடுகிறது. இலையில் திட்டுத்திட்டாக நிறம் மாறிய செடியிலிருந்து போத்து வாங்காதீர்கள்.

சாயங்காலம் இந்தப் பூவுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பகலில் லேசாக இருந்த மணம், வெளிச்சம் மங்க மங்கக் கூடிக்கொண்டே போகும். அந்த மணத்தில் கலந்திருக்கும் சேர்மங்களில் ஒன்று சினியோல்; நீலகிரித் தைலத்தின் வாசனைக்கும் அதுவே காரணம். இருட்டில் வெள்ளை நிறமும் மணமும் சேர்ந்து பருந்து அந்துப்பூச்சிகளை அழைக்கின்றன. சுருட்டி வைத்த நீண்ட நாக்கை நீட்டி அவை தேனை எடுக்கும். சிவப்புப் பூ சாங்குவினியாவுக்கு மணமே இல்லை. அதன் விருந்தாளி பகலில் வரும் வாள் அலகு ஓசனிச்சிட்டு. வாலை விட்டுவிட்டு அளந்தால் உடலைவிட அலகு நீளமாக இருக்கும் பறவை அது.

மகரந்தம் வந்து சேர்ந்தாலும் காய் பிடிப்பது எளிதில்லை. சூலகத் தண்டு ஏறத்தாழப் பூவின் நீளத்துக்கு இருக்கும். நுனியில் ஒட்டிய மகரந்தத் துகள் ஒரு மெல்லிய குழாயை அவ்வளவு தூரமும் வளர்த்துக்கொண்டு போய்ச் சூலை அடைய வேண்டும். அதோடு, பெரும்பாலான ப்ரூக்மான்சியாக்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. கத்தரிக் குடும்பத்தில் இது நடக்கும் விதத்தைப் பெட்டூனியாவிலும் புகையிலையின் உறவுகளிலும் தெளிவாகக் கண்டறிந்திருக்கிறார்கள்: சொந்த மகரந்தக் குழாய்க்குள் நுழையும் ஒரு நொதி அதன் ஆர்.என்.ஏ.வைத் துண்டித்து, வளர்ச்சியை நடுவழியில் நிறுத்திவிடுகிறது. ஒரே தாயின் போத்துகளாகப் பெருகிய புதரில் எத்தனை பூ பூத்தாலும் காய் அரிதாக இருப்பதற்கு இதுதான் விளக்கம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தோட்டங்களில் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இந்த ஏழு இனங்களும், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் 'காட்டில் அழிந்துபோனவை'. ஆண்டிஸில் இவை வீட்டோரத்திலும் வேலியோரத்திலும்தான் நிற்கின்றன. காய்கள் செடியிலேயே கிடந்து மட்குகின்றன, விதையைத் தின்று வேறிடத்தில் போடும் விலங்கைக் காணோம். எப்போதோ அழிந்துபோன பெரிய பாலூட்டிகள் அந்த வேலையைச் செய்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அந்த இடத்தை மனிதக் கை பிடித்துக்கொண்டது. கொலம்பியாவின் சிபுந்தோய் பள்ளத்தாக்கில் கம்சா மக்கள் விதவிதமான ப்ரூக்மான்சியாக்களுக்குத் தனித்தனிப் பெயரிட்டு, மருந்துக்கும் சடங்குக்கும் போத்து போட்டே காத்து வந்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் இலை வாள் போல ஒடுங்கியும் பூ அடிவரை பிளந்தும் இருந்தது. அமெரிக்கத் தாவரவியலர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்டிஸ் 1955இல் அதைப் புதிய பேரினம் என்றே விவரித்தார். பின்னால்தான் அதுவும் ப்ரூக்மான்சியாவின் மாறிய வடிவம் என்று தெரிந்தது. காட்டில் விட்டிருந்தால் ஒரு தலைமுறைகூடத் தாங்கியிருக்காத அந்த வடிவம், போத்து போட்டவர்களின் அக்கறையால் மட்டுமே இருந்தது. இந்தச் செடியை வளர்ப்பவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அடுத்தது நஞ்சு. இலை, பூ, விதை, வேர் எல்லாமே நஞ்சு. ஸ்கோபோலமின், ஹையோசயமின், அட்ரோபின் ஆகியவை இதில் உள்ளன. இவை முக்கியமாக வேரில் தயாராகி, நீரோடு இலைக்கு ஏறுகின்றன. ஊமத்தை வேரின் மேல் தக்காளித் தண்டை ஒட்டுக்கட்டிப் பார்த்தபோது தக்காளியின் இலைகளிலும் நஞ்சு சேர்ந்தது. இந்த வழியை ஆய்வாளர்கள் புரிந்துகொண்டது அப்படித்தான். நம் உடலில் அசிடைல்கோலின் என்ற வேதித்தூது சில உறுப்புகளுக்குக் கட்டளை கொண்டுபோகிறது. அது போய் அமரும் இடத்தை இந்த நஞ்சு அடைத்துக்கொள்கிறது. வாய் உலர்கிறது, இதயம் படபடக்கிறது, சிறுநீர் கட்டுகிறது, கண்பாப்பா விரிகிறது, இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறது, பேச்சு குழறுகிறது. பூச்சிமருந்து குடித்தவருக்கு மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி போடுவதும் இதே அடைக்கும் வேலைக்காகத்தான். அங்கே அளவு மருத்துவர் கையில் இருக்கிறது. இலையிலும் பூவிலும் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது, செடிக்குச் செடி மாறும். அதனால் கஷாயம், கைவைத்தியம், சோதனை என்று எதற்காகவும் இதை வாயில் வைக்கவே கூடாது.

கவாத்து செய்யும்போது கையுறை போடுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாறு பட்ட விரலால் ஒரு கண்ணைக் கசக்கினால் அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்கும், பார்வை மங்கும். மூளையில் ஏதோ என்று வீட்டில் எல்லோரும் பதறிவிடுவார்கள், மருத்துவரும் அந்தக் கோணத்தில்தான் யோசிக்கத் தொடங்குவார். செடியை வெட்டிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தையோ ஆடு மாடோ இலையையோ பூவையோ தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேரே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கையோடு செடியின் ஒரு கிளையையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.