பராமரிப்பாளரா, பேணுநரா?

மின்தூக்கிக்குப் பராமரிப்பு, சாலைக்குப் பராமரிப்பு, தண்ணீர்த் தொட்டிக்குப் பராமரிப்பு. அதே வரிசையில் ‘முதியோர் பராமரிப்பாளர் பயிற்சி’. கையேட்டுக்குக் கையேடு இந்தத் தலைப்பைப் பார்த்துச் சலித்துவிட்டது. முதியோரைக் கவனிக்கும் ‘கேர் வொர்க்கரை’த் தமிழில் இப்படி அழைப்பது சரியா?

ஆங்கிலத்தின் ‘கேர்’ பழைய ஆங்கிலத்தில் ‘கரு’. துயரம், மனக்கவலை என்று பொருள். இலத்தீன் ‘குரா’வோடு ஒலி ஒத்தாலும் பிறப்பு வேறு. நம் ‘பராமரி’ வடமொழிப் ‘பராமர்ச’ வழி வந்தது. தொடுதல், ஆராய்தல் என்பவை அங்கே அதன் பொருள்கள். தமிழில் ஆதரித்தல் ஆயிற்று. ஆக, அது இழிந்த சொல் அன்று. வடசொல் என்பதற்காக மட்டும் அதைத் தள்ளவும் வேண்டாம்.

இன்றைய வழக்கில் அது எதைக் குறிக்கிறது என்பதே கேள்வி. பராமரிக்கப்படுவது ஒரு பொருள். பழுதாகாமல் இருந்தால் போதும், அதன் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. ‘பேண்’ அப்படியன்று. ‘பெரியாரைப் பேணித் தமராக் கொளல்’ என்னும் குறளுக்கு (443) உரை எழுதிய பரிமேலழகர், அவர் உவப்பன அறிந்து செய்வதையே பேணுதலாகக் கொள்கிறார். அறிந்து, பிறகு செய்வது. முதியோர் பணிக்கான பயிற்சியின் முதல் பாடமே இதுதான்.

1963இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் வகுத்த அன்றாடச் செயல் அளவீட்டில் ஆறு இனங்கள்: குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குப் போதல், இடம் மாறுதல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணுதல். ஒவ்வொன்றிலும் முதியவர் தாமே எவ்வளவு செய்கிறார் என்று பார்த்து, குறைந்ததை மட்டும் நிரப்ப வேண்டும். பத்து நிமிடம் எடுத்துத் தாமே பொத்தான் போடுகிறவருக்கு நேரம் மிச்சமென்று ஒரு நிமிடத்தில் போட்டுவிட்டால், சில வாரங்களில் அந்தக் கை அதை மறந்துவிடும். படுத்திருப்பவரை எழுப்பியதும் நிற்க வைக்கக் கூடாது. கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார வைத்துத் தலைசுற்றுகிறதா என்று கேட்க வேண்டும், எழும்போது இரத்த அழுத்தம் இறங்கி விழுவது அத்தனை சாதாரணம். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் அவர் தோள்மூட்டு கெடும், தூக்குபவர் இடுப்பும் கெடும். புட்டத்திலோ குதிகாலிலோ உள்ள சிவப்பு, விரலால் அழுத்தியும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். தேய்த்துவிடாமல் செவிலியருக்குச் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் ‘பராமரிப்பு’ என்று எழுதினால் துடைத்துவைக்கும் வேலை போலாகிவிடுகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஆங்கிலத்தில் ‘கேர்கிவர்’ பெரும்பாலும் மகளோ மனைவியோ. ‘கேர் வொர்க்கர்’ ஊதியம் பெறுபவர். மொழிபெயர்ப்பாளர்கள் இருவரையும் பராமரிப்பாளர் ஆக்கிவிட்டார்கள். ‘பராமரிப்பாளர் மாத்திரை கொடுக்கலாம்’ என்று விதியில் வந்தால் யாரைச் சொல்கிறது? மகள் கொடுப்பது ஒன்று. ஊழியர் கொடுப்பது அவருக்குள்ள பயிற்சிக்கும் எழுத்துமூல ஒப்புதலுக்கும் உட்பட்டது. உறவினரைப் ‘பேணும் உறவினர்’ என்றும், ஊழியரைப் ‘பேணுநர்’ என்றும் பிரித்தால் விதி தெளிவாகும்.

‘காப்பாளர்’ என்போரும் உண்டு. அது விடுதிக்கும் அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டது. பூட்டும் சாவியும் நினைவுக்கு வரும். ‘செவிலித்துணை’ அழகான சொல், ஆனால் செவிலியருக்குக் கீழே என்ற படியை முன்கூட்டியே போட்டுவிடுகிறது. ‘கம்யூனிட்டி கேர் வொர்க்கர்’ என்பதைச் ‘சமூகப் பேணுநர்’ என்றால் சமூகப் பணியாளரோடு மயங்கும். ‘வட்டாரப் பேணுநர்’ போதும்.

பெயர் சிறிய விஷயமன்று. பன்னாட்டுத் தொழில் வகைப்பாட்டில் (2008) வீடுசார் பேணுநருக்கு எண் 5322. வீட்டைத் துப்புரவு செய்வோருக்கு 9111. ‘வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்’ என்று தமிழில் எழுதினால் எந்த எண்?

எல்லாவற்றிலும் கொடுமை, ‘புரொஃபெஷனலைஸ்’ என்பதை மொழிபெயர்த்து, இந்த வேலையைத் ‘தொழில்மயமாக்க’ வேண்டும் என்று எழுதுவது. தொழில்மயமாக்கல் என்றால் ஆலை, புகைபோக்கி. ‘புரொஃபெஷன்’ இலத்தீனில் வெளிப்படையாக அறிவித்தல் என்ற வேரிலிருந்து வந்து, துறவியர் உறுதிமொழியைக் குறித்து, பின்பு நெறியுள்ள தொழிலாயிற்று. வரையறுத்த பாடத்திட்டம், செய்துகாட்டும் தேர்வு, பதிவு, மேற்பார்வை, ஊதியப் படிநிலை இவற்றைக் கொண்டுவருவது ‘தொழில்நெறிப்படுத்தல்’. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு எங்கே தெரியப்போகிறது?

எழுதும்போது ‘பேணுனர்’ என்று றன்னகரம் போட்டுவிட வேண்டாம். பெறுநர், அனுப்புநர், ஓட்டுநர் வரிசையில் வருவது, தந்நகரமே.