ஆக்டேன் எண்: ‘எரிதிறன் எண்’ என்பது ஏன் பிழை

வண்டிக் கையேடுகளின் தமிழாக்கத்திலும் பெட்ரோல் விளம்பரங்களிலும் ஆக்டேன் எண்ணுக்கு ‘எரிதிறன் எண்’ என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ‘அதிக எரிதிறன் கொண்ட பெட்ரோல்’ என்று படிப்பவர், அதை ஊற்றினால் பிக்கப் டிரக்கின் மைலேஜ் ஏறும் என்று நம்பாமல் என்ன செய்வார்? சொல் அதைத்தானே சொல்கிறது!

‘ஒக்டோ’ என்றால் கிரேக்கத்தில் எட்டு. எட்டுக் கார்பன் அணு கொண்ட ஹைட்ரோகார்பன் ஆக்டேன். 1920களில் அளவுகோல் வகுத்தபோது அதன் கிளைவிட்ட வடிவமான ஐசோ ஆக்டேனுக்கு 100, ஏழு கார்பன் அணு கொண்ட நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்தார்கள். ஒரு பெட்ரோலுக்கு 91 என்றால், ஐசோ ஆக்டேன் 91 பங்கும் ஹெப்டேன் 9 பங்கும் சேர்ந்த கலவை சோதனை இன்ஜினில் எந்த அளவுக்கு நாக்கிங்கைத் தாங்குகிறதோ, அந்த அளவுக்கு இதுவும் தாங்கும். அவ்வளவுதான். பெட்ரோலில் 91 விழுக்காடு ஆக்டேன் இருக்கிறது என்று பொருளில்லை. கிளையில்லாத நார்மல் ஆக்டேனின் எண்ணே சுழியத்துக்குக் கீழேதான்.

நாக்கிங் என்பது என்ன? ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டருக்குள் பரவிக்கொண்டே போகிறது. அது வந்து சேருமுன், ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே பற்றி வெடிப்பதுதான் நாக்கிங். இரும்பில் சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழும். வால்வை இயக்கும் பாகமான டேப்பெட்டின் சத்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டேப்பெட் சத்தம் வண்டி நின்ற இடத்தில் ஓடும்போதும் கேட்கும். நாக்கிங் பாரத்தோடு மேடேறும்போது, ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது கேட்கும்.

ஆக, இந்த எண் அளப்பது தானாகப் பற்றிக்கொள்ளாத குணத்தை. அதற்குப் போய் ‘எரிதிறன்’ என்று பெயர் வைத்தால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. பள்ளி இயற்பியலில் ‘திறன்’ என்பது ஒரு நொடியில் செய்யும் வேலையின் அளவு. அதைப் படித்து வந்தவர் காதில் ‘எரிதிறன்’ என்பது வலிமை என்றே விழும். இந்தச் சொல்லை முறிக்க எத்தனால் ஒன்றே போதும். அதன் ஆக்டேன் எண் 108 வாக்கில். ஆனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 விழுக்காடு எத்தனால் கலந்தால் எண் ஏறும், மைலேஜ் சுமார் 3 விழுக்காடு இறங்கும். எரிதிறன் கூடக்கூட மைலேஜ் குறைகிறது என்று எழுத வேண்டிவரும். அந்த வாக்கியத்தை எந்த வாசகர் ஏற்பார்?

மைலேஜுக்கும் இந்த எண்ணுக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உறவு இன்ஜின் வழியாக வருகிறது. நாக் சென்சார் தட்டலை உணர்ந்ததும் கணினி ஸ்பார்க் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். இன்ஜின் தப்பிக்கும், இழுவை குறையும், ஓட்டுநர் இன்னும் அழுத்துவார், பெட்ரோல் கூடுதலாகப் போகும். டர்போ உள்ள டிரக், அழுத்த விகிதம் கூடிய இன்ஜின், வெயிலில் டிரெய்லர் இழுக்கும் வண்டி ஆகியவற்றில் உயர் எண் பெட்ரோல் இந்த இழப்பைத் தடுக்கும். சாதாரண பெட்ரோலுக்கென்றே அமைந்த இன்ஜினில் தடுப்பதற்கு இழப்பே இல்லை. சோதிக்க நினைப்பவர்கள் ஒரே பம்பில், ஊற்றும் குழாய் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். வகைக்கு மூன்று டேங்க் பார்த்தால்தான் கணக்கு நம்பும்படி இருக்கும். விலை 15 விழுக்காடு கூடுதல் என்றால் மைலேஜும் 15 விழுக்காடு ஏறினால்தான் கட்டும்.

சரி, நல்ல தமிழ்ச்சொல் எது? எட்டைப் பிடித்துக்கொண்டு ‘எண்ம எண்’ என்றால், ‘எண்மம்’ ஏற்கெனவே டிஜிட்டலுக்குப் போய்விட்டது. ‘முன்பற்றல் தடை எண்’ என்றால் அதுவும் தவறு. ஸ்பார்க்குக்கு முன்னரே பற்றுவது வேறு கோளாறு, நாக்கிங் ஸ்பார்க்குக்குப் பின் நிகழ்வது. ‘இடிதடை எண்’ என்றால் இடிதாங்கி நினைவுக்கு வருகிறது. ‘தட்டல் தடை எண்’ என்பதே பொருந்தும்: காதில் கேட்பதையும் சொல்கிறது, எண்ணின் வேலையையும் சொல்கிறது. ஆக்டேன் என்பது வேதிப்பொருளின் பெயர் என்பதால் ‘ஆக்டேன் எண்’ என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘அதாவது தட்டல் தடை எண்’ என்று சேர்த்தாலும் குறையில்லை. டீசல் டிரக்குக்கு இரண்டும் ஆகாது. அங்கே உள்ளது சீட்டேன் எண். எளிதில் தானாகப் பற்றும் குணத்தை அளப்பது அது.

மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் இன்னொரு பிழை இதைவிடக் கேடானது. எண்ணை வைத்துக்கொண்டு அளவு முறையை விட்டுவிடுகிறார்கள். ஆர்ஓஎன் (RON) என்பது மிதமான சோதனையில் அளந்த ஆக்டேன் எண், எம்ஓஎன் (MON) கடுமையான சோதனையில் அளந்தது. அமெரிக்கப் பம்புகளில் எழுதியிருப்பது ஏகேஐ (AKI), அதாவது இவ்விரண்டின் சராசரி. பல நாடுகளில் ஆர்ஓஎன் மட்டும். அமெரிக்காவின் 87 ஏகேஐ என்பது ஆர்ஓஎன் கணக்கில் ஏறக்குறைய 91. ‘91 ஏகேஐ கட்டாயம்’ என்ற வரி தமிழில் ‘91 எரிதிறன் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று வந்தால், வண்டிக்காரர் 91 ஆர்ஓஎன் ஊற்றுவார். அது அமெரிக்காவின் சாதாரண 87. முழுப் பாரத்தோடு மேடேறும் இன்ஜினில் தட்டல் அப்போதுதான் தொடங்கும்.