பொன்வண்டின் பச்சை ஏன் வெளுப்பதில்லை?

வாசகி ஒருவர் எழுதியிருந்தார். ஆறாம் வகுப்பில் தீப்பெட்டிக்குள் வளர்த்த பொன்வண்டு செத்துப்போனதும், அதன் இறக்கையை வகுப்பு குரூப் போட்டோவின் கண்ணாடிச் சட்டத்துக்குள் செருகி வைத்திருந்தாராம். முப்பது வருடமாக ஜன்னலுக்கு எதிரே தொங்கிய படம். "போட்டோவில் எங்கள் சிவப்பு ரிப்பன்கள் எல்லாம் வெளுத்துவிட்டன. இறக்கை மட்டும் அன்று பார்த்த அதே பச்சை. எப்படி?" கீழே இன்னொரு வரி: "அது போட்ட முட்டைகள் ஏன் பொரிக்கவே இல்லை?"

படித்ததும் எனக்கு மருந்து வாசத்தோடு வேல இலையின் பச்சை வாசமும் கலந்த அந்தத் தீப்பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. மழைக்காலம் வந்தால் வேலமரத்தடியே கதி என்று கிடப்போம். உடல் முழுக்கப் பச்சையாக மின்னும் வண்டுக்கு மவுசு அதிகம். கழுத்து மட்டும் பச்சையாக, முதுகு செம்பழுப்பாக இருப்பது இரண்டாம் தரம். எங்கள் தெருவில் முழுப்பச்சை ஒன்றுக்குப் பழுப்பு முதுகு இரண்டு. கழுத்துக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் நூலைக் கொடுத்தால் 'நறுக்'கென்று வெட்டிவிடும். விரலைக் கொடுத்தவர்கள் இரண்டாம் முறை கொடுத்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஊருக்குப் போனபோது மரத்தடியில் ஒன்று செத்துக் கிடந்தது, பழுப்பு முதுகுக்காரர். இந்த முறை கையில் லென்ஸ் இருந்தது. கழுத்துப் பச்சை முழுக்கக் குட்டிக் குட்டிக் குழிகள். குழியின் சரிவில் பச்சை கொஞ்சம் நீலமாகத் தெரிகிறது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கழுத்துத் துண்டையும் முதுகுத் துண்டையும் தனித்தனியாகக் கல்லில் வைத்து மாவாக நுணுக்கினேன். பழுப்பு முதுகு பழுப்புப் பொடியானது. பச்சைக் கழுத்தோ, நுணுக்க நுணுக்கப் பச்சையை விட்டுக் கருத்துக்கொண்டே வந்தது. கடைசியில் இருந்தது வெறும் கரும்பழுப்புத் தூள்.

காரணம், அங்கே பச்சைச் சாயம் என்று ஒன்று இல்லவே இல்லை. ரிப்பனின் சிவப்பு சாய மூலக்கூறுகளால் வருவது. வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர் அவற்றை உடைக்க உடைக்க நிறம் வெளுக்கும். பொன்வண்டின் பச்சை, மேலோட்டின் கட்டுமானத்தால் வருவது. மழைத் தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல் படலமும் சோப்புக் குமிழியும் இதே சாதிதான். ஆனால் அவை ஒற்றைப் படலங்கள். வண்டின் ஓட்டிலோ மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒளிவிலகல் எண் (ஒளியை ஒரு பொருள் எத்தனை மடங்கு மெதுவாக்குகிறது என்ற கணக்கு) கொஞ்சம் கூடிய படலம், குறைந்த படலம், மறுபடி கூடியது என்று மாறி மாறி வரும் அடுக்கு. பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 540 நானோமீட்டர். படலத்தின் தடிமன் அதில் கால் பங்காக இருக்க வேண்டும். படலத்துக்குள் அலைநீளம் சுருங்கிவிடும்; ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.6 என்பதால் அதாலும் வகுத்தால் 84 நானோமீட்டர் வருகிறது. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். இரண்டு படலங்கள் சேரும் ஓர் எல்லையில் திரும்பி வரும் ஒளி மிகக் கொஞ்சம். ஒளிவிலகல் எண்களை 1.55, 1.7 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 0.2 சதவீதம். இருபது எல்லைகள் இருந்தால் 4 சதவீதம்தானே வர வேண்டும்? அப்படி வருவதில்லை. தடிமன் சரியாக அமைந்திருப்பதால் ஒவ்வோர் எல்லையிலிருந்தும் திரும்பும் பச்சை அலைகள் மேடும் மேடும், பள்ளமும் பள்ளமும் பொருந்த ஒன்றுசேர்கின்றன. இருபது பேர் தோன்றியபோதெல்லாம் இழுத்தால் தேர் அசையாது, ஒரே நேரத்தில் வடத்தை இழுத்தால் கிளம்பிவிடும். ஓடு உறிஞ்சிக்கொள்வதை விட்டுவிட்டுப் பார்த்தால், விழுந்த பச்சையில் ஏறக்குறைய பாதி திரும்பி வந்துவிடும்! மற்ற நிறங்களுக்குத் தாளம் பொருந்தாது. அவை உள்ளே போய், ஓட்டில் உள்ள மெலனின் என்ற கரும்பழுப்பு நிறமியில் அடங்கிவிடும்.

சரி, சாய்த்துப் பார்த்தால் ஏன் நீலமாகிறது? சாய்வாகப் போகும் ஒளி படலத்துக்குள் அதிக தூரம் போகிறது, அப்படியானால் நீண்ட அலைநீளமான சிவப்புப் பக்கம்தானே நகர வேண்டும்? கல்லூரியில் இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். விஷயம் என்னவென்றால், கீழே போன அலை திரும்பி வருவதற்குள் மேலேயே திரும்பிய அலையும் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் போய்விடுகிறது. அதைக் கழித்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்திருக்கும். இடைவெளி குறைந்தால் பொருந்துவது குறைந்த அலைநீளம், அதாவது நீலம். லென்ஸில் பார்த்த குழிச் சரிவுகளின் ரகசியமும் இதுவே.

மயிலிறகின் நிறமும் கட்டுமானத்தால் வருவதுதான். அதில் மெலனின் குச்சிகள் வரிசை கட்டி நிற்கின்றன. புத்தகத்துக்குள் வைத்து பென்சில் சீவல் போட்டால் குட்டி போடும் என்று நம்பினோம், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. அதே இறகை வாஸ்து தோஷம் போக்கும் என்று காசுக்கு விற்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

1888-இல் நடிகை எல்லன் டெர்ரி மேடையில் அணிந்த பச்சை உடையில் சுமார் ஆயிரம் பொன்வண்டு இறக்கைகள் தைக்கப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் இன்றும் அது மின்னிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பளபளப்பு பறவையைக் கூப்பிடாதா என்று தோன்றும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஒரு வகைப் பொன்வண்டின் இறக்கைகளுக்குள் புழுவை வைத்து இலைகளில் மாட்டிவைத்துப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான முடிவு: மாறிக்கொண்டே இருக்கும் மினுமினுப்புதான் பறவைகளிடமிருந்து தப்பவைக்கிறது. மனிதர்களே அதைக் கண்டுபிடிக்கத் திணறினார்கள்.

இங்கே என் புலம்பல் ஒன்று. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், நோபல் பரிசு வாங்கிய பிறகும் 1930-களில் கிளிஞ்சலின் மினுமினுப்பையும் பறவை இறகின் நிறத்தையும் உட்கார்ந்து ஆராய்ந்தார். இன்று ஒரு மாணவி இதற்கு நிதி கேட்டால், "இதனால் தொழிலுக்கு என்ன பயன்?" என்ற கட்டத்தை நிரப்புவதிலேயே அவள் பாதி ஆயுள் போய்விடும். நம் வேலங்காட்டில் நாலு மழைக்காலம் உட்கார்ந்து பார்க்க ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நாலு மழைக்காலம் என்பதற்குக் காரணம் உண்டு. அதில்தான் வாசகியின் இரண்டாம் கேள்விக்கும் பதில். நாம் பார்க்கும் வண்டு அதன் வாழ்க்கையின் கடைசிச் சில வாரங்கள்தான். முட்டை மண்ணில் விழ வேண்டும். பொரித்த புழு மண்ணுக்குள்ளேயே வேரைத் தின்று வளர வேண்டும். முழு வண்டாகி வெளியே வர, சில இனங்களுக்கு இரண்டு வருடம் வரைகூட ஆகும். நாங்கள் தீப்பெட்டியை ஒரு மணிக்கு ஒருதரம் திறந்து பார்த்தோம், இலை மாற்றினோம், காற்றுக்கு ஊசியால் ஓட்டையும் போட்டோம். ஒருபிடி மண் போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.